சியாட்டிலில் ஒரு ஏழு எண்ணிக்கை

கிரஞ்ச் என்று சொன்னதுமே எல்லோருக்கும் நிர்வாணாவும் கர்ட் கோபேனும் தான் ஞாபகம் வருவார்கள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் கிடார் பழகும் பையனானாலும் சரி, காலேஜ் ஹாஸ்டல் சுவர் போஸ்டரானாலும் சரி, அதே பெயர் தான். ஆனால் அந்த சியாட்டில் கும்பலில் பெரிய கம்பெனியோடு முதலில் ஒப்பந்தம் போட்ட குழு சவுண்ட்கார்டன். அதில் கிடார் வாசித்தவர் கிம் தயில். பெற்றோர் கேரளாவில் இருந்து போனவர்கள்!

1984-ல் குழு ஆரம்பித்தபோது மொத்தம் மூன்றே பேர். கிறிஸ் கார்னல் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடினார், ஹிரோ யமமோட்டோ பேஸ், தயில் கிடார். மூன்றில் இரண்டு பேர் ஆசிய வம்சாவளி. கிரஞ்ச் என்றால் வெள்ளைக்காரப் பையன்களின் புலம்பல் என்று எழுதுகிறவர்கள் இதை ஏனோ கவனிப்பதே இல்லை. குழுவின் பெயர் சியாட்டிலில் உள்ள ஒரு சிற்பத்தில் இருந்து வந்தது. காற்றடித்தால் குழாய்கள் ஊளையிடும் சிற்பம் அது.

1994 மார்ச்சில் வந்த 'சூப்பர்அன்னோன்' ஆல்பம் நேராக பில்போர்டில் முதல் இடம் பிடித்தது. அதில் 'பிளாக் ஹோல் சன்' எல்லோருக்கும் தெரியும். டிவி செய்தியில் யாரோ சொன்னதைத் தப்பாகக் காதில் வாங்கி கார்னலுக்குக் கிடைத்த தலைப்பு அது.

ஆனால் நம் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது 'ஸ்பூன்மேன்'. சியாட்டில் தெருக்களில் கரண்டிகளைத் தட்டி வாசிக்கும் ஆர்ட்டிஸ் என்பவரைப் பற்றிய பாட்டு. அவரே ரெக்கார்டிங்குக்கு வந்து கரண்டி வாசித்திருக்கிறார். சாதாரண ராக் பாட்டு நாலு நாலாகப் போகும். இது ஏழு ஏழாகப் போகிறது. ஸ்ரீரங்கத்தில் கச்சேரி கேட்டுத் தொடையில் தாளம் போடுகிற மாமாவுக்கு இதைப் போட்டுக் காட்டினால், தகிட தகதிமி என்று இரண்டு சுற்றில் பிடித்துவிடுவார் (சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கவும்). இதை மிஸ்ர சாபு என்று சொன்னால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள், நடை வேறு. ஆனால் கணக்கு ஏழு தான். அதே ஆல்பத்தில் 'மை வேவ்' பாட்டில் ஐந்து வரும்.

உடனே "பார்த்தியா, இந்திய ரத்தம்!" என்று கிளம்பிவிட வேண்டாம். 'ஸ்பூன்மேன்' எழுதியது கார்னல். தயிலே இந்தத் தாளங்கள் தற்செயலாக வந்தவை, பாட்டை முடித்த பிறகு தான் எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அது தான் விசேஷம். கணக்கு தெரியாமல் வந்த கணக்கு.

1995-ல் இந்த இரண்டு பாட்டுக்கும் கிராமி கிடைத்தது. 1997-ல் குழு உடைந்தது. 2010-ல் திரும்ப சேர்ந்தார்கள். 2017 மே மாதம் டெட்ராய்ட்டில் ஒரு நிகழ்ச்சி முடிந்த இரவில் கார்னல் இறந்து போனார். வயது 52. அத்தோடு சவுண்ட்கார்டனும் நின்றது. வேறு பாடகரை வைத்து ஓட்டியிருக்கலாம், நிறைய குழுக்கள் அப்படித்தான் செய்கின்றன.

2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது, 1989-லேயே விலகிப் போன யமமோட்டோவின் பெயரும் பட்டியலில் இருந்தது.