அட்ரினல் ஷ்வானோமா: வெட்டி எடுத்த பின்னரே பெயர் பெறும் கட்டி

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் மிக அரிதானது ஷ்வானோமா. நரம்பின் உறையிலிருந்து பிறக்கும் இக்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் அறுவைச் சிகிச்சைக்கு முன் இதனை உறுதியாக அடையாளம் காண்பது இன்றும் அரிதாகவே உள்ளது. இந்த இடர்ப்பாட்டின் வேர், தனித்தனியே வளர்ந்த இரு மருத்துவ வரலாறுகளில் இருக்கிறது.

முதலாவது, அச்சத்தின் வரலாறு. 1886இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி படபடப்பும் தலைவலியும் மாறி மாறித் தாக்க, திடீரென உயிரிழந்தாள். அவளது இரு அட்ரினல் சுரப்பிகளிலும் கட்டிகள் இருந்ததை ஃபெலிக்ஸ் ஃபிரெங்கெல் பதிவு செய்தார். அட்ரினலினைப் பெருக்கெடுக்கச் செய்யும் இவ்வகைக் கட்டிக்கு 1912இல் லுட்விக் பிக் ஃபியோகுரோமோசைட்டோமா எனப் பெயரிட்டார். 1926இல் லோசானில் சேசர் ரூவும் அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இத்தகைய கட்டிகளை வெற்றிகரமாக அகற்றினர். தாம் அகற்றப்போவது இன்னதென்று இருவருமே முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. உரிய மருந்துகளால் உடலை ஆயத்தம் செய்யாமல் இக்கட்டியைத் தொட்டால் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறக்கூடும். எனவே அட்ரினலில் எந்தக் கட்டி தென்பட்டாலும் முதலில் இதனையே ஐயுறுவது மருத்துவ நெறியாயிற்று.

இரண்டாவது, நரம்பு உறையின் வரலாறு. 1839இல் உயிரணுக் கோட்பாட்டை விரித்துரைத்த தியோடர் ஷ்வானின் பெயரே நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களுக்கு நிலைத்தது. உருகுவேயில் பிறந்து பிராகில் பணியாற்றிய ஹோசே வெரோகாய், 1910இல் இவ்வகைக் கட்டிகளை 'நியூரினோமா' என்று தனிமைப்படுத்தினார். உட்கருக்கள் இரு வரிசைகளாக அணிவகுக்க, இடையே உட்கருவற்ற வெளி அமைந்த உருவங்கள் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. 1920இல் சுவீடனின் நில்ஸ் அன்டோனி, உயிரணுக்கள் நெருங்கிய பகுதியை 'ஏ' என்றும் நெகிழ்ந்த பகுதியை 'பி' என்றும் வகுத்தார். நுண்ணோக்கிக்கு இக்கட்டி அப்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

இவ்விரு வரலாறுகளும் அட்ரினலில் சந்திக்கின்றன. சுரப்பியின் உட்பகுதிக்கு வரும் நரம்புகளின் உறையிலிருந்து ஷ்வானோமா தோன்றுவதாகக் கருதப்படுகிறது. அது ஹார்மோன் எதையும் சுரப்பதில்லை. பெரும்பாலும் வலியும் தருவதில்லை. ஆகவே நெடுங்காலம் அது கண்ணில் படவே இல்லை. 1971இல் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்ட பிறகு நிலைமை மாறிற்று. வேறு காரணத்துக்காக எடுத்த படங்களில் அட்ரினல் கட்டிகள் தற்செயலாகத் தென்பட்டன. 1982இல் அவற்றுக்கு 'இன்சிடென்டலோமா' என்றொரு பெயரே உருவாயிற்று.

காண்பது வேறு, இன்னதென்று அறிவது வேறு. ஷ்வானோமா தெளிவான விளிம்புடன், சில வேளை நீர்ப்பைகளுடன் தோன்றும், எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் ஒளிரும். ஃபியோகுரோமோசைட்டோமாவும் இவ்வாறே தோன்றக்கூடும். இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் அளவைச் சோதித்தால் அந்த ஆபத்தான கட்டியைப் பெரும்பாலும் விலக்கலாம். ஆனால் 'அதுவன்று' என்பது 'இதுதான்' என்று ஆகாது. அட்ரினல் புற்றுநோய் குறித்த ஐயம் அப்போதும் எஞ்சும். ஊசியால் எடுக்கும் சிறு துணுக்கு முடிவு கூறப் பல வேளைகளில் போதாது. ஃபியோகுரோமோசைட்டோமாவாக இருந்துவிட்டால் ஊசி குத்துவதே ஆபத்து.

இறுதித் தீர்ப்பு நோய்க்கூறியலாளரின் மேசையிலேயே கிடைக்கிறது. 1965இல் பிளேக் மூர் மாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்த எஸ்-100 புரதம் இங்கே சாட்சியாகிறது. ஷ்வானோமாவின் உயிரணுக்கள் பரவலாகவும் அழுத்தமாகவும் அதன் சாயத்தை ஏற்கின்றன. ஃபியோகுரோமோசைட்டோமாவில் கட்டியின் உயிரணுக்கள் குரோமோகிரானின் சாயத்தை ஏற்கும். எஸ்-100 அவற்றைச் சூழ்ந்து தாங்கும் உயிரணுக்களில் மட்டுமே தென்படும்.

தீங்கற்ற கட்டிக்காக ஒரு சுரப்பியை இழப்பது நோயாளி கொடுக்கும் விலை. 1992இல் மிஷேல் காக்னேர் குழுவினர் வெளியிட்ட லேப்ராஸ்கோப்பி முறை அவ்விலையைப் பெரிதும் குறைத்தது. மற்றொரு சுரப்பி நலமாயிருந்தால் வாழ்வு குறைவின்றித் தொடரும். முழுமையாக அகற்றப்பட்ட ஷ்வானோமா மீண்டும் தோன்றுவது அரிது. எனினும் வெட்டுவதற்கு முன்பே அதன் பெயரைச் சொல்லும் சோதனை இன்னும் மருத்துவத்தின் கைக்கு எட்டவில்லை.