வெள்ளம் கலைத்த பாடம்

நாய் வளர்ப்போர் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. சிறு குட்டி ஒன்றைக் கொண்டுவந்து ஓரிரு மாதம் பொறுமையாகப் பழக்குகிறோம். வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல், கதவருகே வந்து நின்று முனகி, கொல்லைப்புறம் போய்வர அது கற்றுக்கொள்கிறது. 'இனிக் கவலை இல்லை' என்று நாம் நிம்மதி கொள்ளும் வேளையில், ஒரு நாள் காலையில் கூடத்தின் நடுவே ஈரம்! மறுநாளும் அப்படியே.

எங்கள் வீட்டு மணி ஒரு பொமரேனியன். ஏழு மாதக் குட்டி. பத்து வாரங்கள் ஒழுங்காக இருந்துவிட்டு, தீபாவளிக்கு மறுநாள் இப்படித் தவறியது. பெரியவர்கள் சொல்லும் வைத்தியத்தைத்தான் நானும் செய்தேன். அதன் மூக்கை ஈரத்தருகே கொண்டுபோய், சுருட்டிய செய்தித்தாளால் ஓர் அடி கொடுத்தேன். பயன் என்ன தெரியுமா? மணி வீட்டுக்குள் அசுத்தம் செய்வதை நிறுத்தவில்லை. என் கண்ணெதிரில் செய்வதை மட்டும் நிறுத்திற்று. கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் செய்யத் தொடங்கியது. ஒரு வாரத்திற்குள், "யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது.

"அப்பா, மணி படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டாள் மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. கற்ற பாடம் அழிந்துபோகுமா? அழியாதென்றால் எங்கே ஒளிந்துகொள்கிறது? இதற்கு விடை தேடிப் போனால், சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ருஷ்ய நகரம் ஒன்றில் வந்த வெள்ளத்தில் போய் நிற்கிறோம்.

உமிழ்நீரில் தொடங்கிய ஆய்வு

இவான் பாவ்லோவ் (1849-1936) பெயரை அறியாத மாணவர் இரார். அவர் நாய்களைப் பழக்க முற்பட்டவர் அல்லர். உணவு செரிக்கும் விதத்தை ஆராய்ந்தவர். அந்த ஆய்வுக்காகவே 1904-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். பீட்டர்ஸ்பர்க் நகரின் பரிசோதனை மருத்துவ நிலையத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்தது. உணவு வாயில் பட்டதும் உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால் உணவைக் கொண்டுவரும் பணியாளின் காலடி ஓசை கேட்டதுமே நாய்க்கு உமிழ்நீர் சுரந்தது! இது பிறப்பில் வந்ததன்று, அனுபவத்தால் வந்தது. ஒரு குறிப்பிட்ட ஒலியை எழுப்பி, உடனே உணவு கொடுப்பது என்று பலமுறை செய்தால், பின்னர் அந்த ஒலி மட்டுமே உமிழ்நீரை வரவழைக்கப் போதும். இத்தகைய செயலை 'ஆக்கநிலையுற்ற அனிச்சைச் செயல்' என்பர். நாம் இங்கே 'பழக்க அனிச்சை' என்று சுருக்கமாகச் சொல்வோம்.

பழக்கம் உண்டாவதைக் கண்டபின், அது எப்படிப் போகிறது என்பதையும் பாவ்லோவ் ஆராய்ந்தார். ஒலி எழுப்புவார், உணவு தரமாட்டார். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்தால் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து, கடைசியில் ஒரு சொட்டும் வராது. பழக்கம் அழிந்துவிட்டது என்றுதானே எண்ணுவோம்? நாயைச் சில மணி நேரம் சும்மா விட்டுவிட்டு மறுபடியும் ஒலி எழுப்பினார். யாரும் புதிதாகக் கற்பிக்கவில்லை. ஆயினும் உமிழ்நீர் மீண்டும் சுரந்தது! இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பழக்கம் நின்றுபோன நிலையில், அறைக்குள் ஏதாவது புதிய ஓசை கேட்டாலும் போதும், நின்ற உமிழ்நீர் மீண்டும் வந்தது.

இவற்றிலிருந்து பாவ்லோவ் கண்ட முடிவு முக்கியமானது. பழைய பழக்கம் அழிக்கப்படுவதில்லை. அதன் மேல் ஒரு 'தடை' போடப்படுகிறது. அந்தத் தடையும் கற்றுக்கொண்ட ஒன்றே. பழக்கத்தை விடத் தடையே எளிதில் குலைந்துவிடக் கூடியது. அதிர்ச்சி, புதிய ஓசை, புதிய சூழ்நிலை எது வந்தாலும் முதலில் நெகிழ்வது தடைதான்.

வீட்டு நாயின் பாடத்தை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். அதில் இரு பகுதிகள் உள்ளன. கொல்லையில் சிறுநீர் கழிப்பது ஒன்று. மற்ற இடங்களில் அடக்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவதும் ஒரு தடையே. குலைவதும் பெரும்பாலும் அதுவே.

1924, செப்டம்பர் 23

பீட்டர்ஸ்பர்க், பெட்ரோகிராடு என்றெல்லாம் வழங்கிய அந்நகருக்கு 1924 ஜனவரியில் லெனின்கிராடு எனப் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று, கடற்காற்று நேவா ஆற்று நீரை எதிர்த்துத் தள்ளியதால் நகரத்திற்குள் வெள்ளம் புகுந்தது. அந்நகரின் வரலாற்றில் இதைவிட உயர்ந்த வெள்ளம் ஒன்றே ஒன்றுதான். அது சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1824-இல் வந்தது.

பாவ்லோவின் நாய்கள் இருந்த கொட்டில்களிலும் நீர் ஏறியது. ஊழியர்கள் பெரும் பாடுபட்டு, நாய்களைச் சிறு சிறு கூட்டமாக நீந்தச் செய்து ஆய்வுக்கூடக் கட்டடத்தில் சேர்த்தனர். வெள்ளம் வடிந்தது. சில நாள் கழித்துச் சோதனைகள் மீண்டும் தொடங்கின. அப்போதுதான் ஆய்வாளர்கள் திகைத்தனர்.

ஸ்பெரான்ஸ்கி என்னும் ஆய்வாளர் சோதித்துவந்த நாய் ஒன்று. உடலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெகுநாள் பழகிய அனிச்சைகள் ஏறத்தாழ எல்லாமே மறைந்துபோயிருந்தன. ஒலி கேட்டால் உமிழ்நீர் இல்லை. உணவை வைத்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லா நாய்களுக்கும் இப்படி நேரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சில நாய்கள் வெள்ளத்தைப் பொருட்படுத்தவே இல்லை. இயல்பிலேயே அச்சமும் கூச்சமும் மிகுந்த நாய்களே பெரிதும் பாதிக்கப்பட்டன.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிக்கவில்லை, பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரவும் இல்லை. வழக்கமாகச் சோதனையின்போது நாய் மட்டும் தனியே ஓர் அறையில் இருக்கும். ஆய்வாளர் வெளியே இருப்பார். இப்போது ஆய்வாளரே அறைக்குள் வந்து நாயின் அருகில் உட்கார்ந்தார். மறைந்த பழக்கங்கள் திரும்பி வந்தன! அவர் வெளியேறினால் மறுபடியும் மறைந்தன. அவர் அணிந்த உடையை நாயின் கண்ணில் படாமல் அறைக்குள் வைத்தாலும் பலன் கிடைத்தது. பழகிய மனிதரின் வாசனையே அதற்கு ஆறுதலாக இருந்தது. இவ்வாறு சிறிது சிறிதாக, ஏறக்குறைய இரண்டு மாதங்களில், நாய் பழைய நிலைக்கு வந்தது.

உண்மையில் குணமாகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை செய்தார்கள். கதவின் அடியில் சிறிதளவு நீர் அறைக்குள் கசியுமாறு செய்தனர். நாய் துள்ளி எழுந்தது. தரையைப் பார்த்துத் தவித்தது. மூச்சிரைத்தது. பழக்கங்கள் எல்லாம் மீண்டும் மறைந்தன. ஒரு சிறு நீர்க்கசிவு இரண்டு மாத உழைப்பைக் கலைத்துவிட்டது!

இந்த நிகழ்ச்சி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, அதிர்ச்சி பாடத்தை அழிப்பதில்லை, மறைக்கிறது. அழிந்திருந்தால், ஆய்வாளர் அருகில் உட்கார்ந்த மாத்திரத்தில் அது திரும்பியிருக்க முடியாது. இரண்டு, திரும்பி வந்த பாடமும் சில காலத்திற்கு உறுதியற்றதாகவே இருக்கும்.

அமெரிக்காவில் பௌட்டன், போல்ஸ் என்ற இரு உளவியலார் 1979-இல் இதே உண்மையின் மற்றொரு முகத்தைக் காட்டினர். ஒரு கூண்டில் எலிகளுக்கு ஓர் ஒலியைக் கண்டு அஞ்சக் கற்பித்தனர். அந்த அச்சத்தை வேறொரு கூண்டில் வைத்துப் போக்கினர். முதற் கூண்டுக்குத் திரும்பியதும் அச்சமும் திரும்பிவிட்டது. அதாவது, 'இதைச் செய்யாதே' என்ற பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு மாறினால் நன்கு பழகிய நாயும் தவறுவது இதனால்தான்.

அடியின் கணக்கு

தண்டனை பற்றி அறிவியல் என்ன சொல்கிறது? அமெரிக்க உளவியலார் தார்ன்டைக் 1898-இல் பூனைகளைக் கூண்டில் அடைத்துச் சோதித்தார். இன்பம் தரும் செயல் வலுப்படும், துன்பம் தரும் செயல் வலுவிழக்கும் என்று முதலில் கூறினார். ஆனால் 1930-களில் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்: பரிசு பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதை வலுவிழக்கச் செய்வதில்லை என்றார்.

ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை உள்ளது. நெம்புகோலை அழுத்தி உணவு பெறப் பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. ஒரு பிரிவு எலிகளுக்கு மட்டும், தொடக்கத்தில் சிறிது நேரம், நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் பாதத்தில் ஒரு தட்டு விழுந்தது. அவை உடனே அடங்கின. ஆனால் இரண்டாம் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தபோது, தட்டு வாங்கியவையும் வாங்காதவையும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் அழுத்தியிருந்தன. அடி செயலைத் தள்ளிப்போட்டது, போக்கவில்லை. என் செய்தித்தாளின் கதையும் இதுவே அல்லவா?

"ஆனால் தவறு செய்தது நாய்க்கே தெரிகிறதே! தலையைத் தொங்கப்போட்டு விழிக்கிறதே!" என்பர். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 2009-இல் இதனைச் சோதித்து வெளியிட்டார். தின்னக்கூடாது என்று தடுத்த தின்பண்டத்தை நாய் தின்றதா இல்லையா என்பது பற்றி, உரிமையாளர்களிடம் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் சொல்லப்பட்டது. 14 நாய்களிடம் நடந்த இச்சோதனையில், 'குற்றவாளி முகம்' நாய் தவறு செய்ததைப் பொறுத்து அமையவில்லை. உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே அமைந்தது. தவறே செய்யாத நாய் திட்டு வாங்கியபோதுதான் அந்த முகம் மிகுதியாகத் தெரிந்தது! நாம் குற்ற உணர்வு என்று படிப்பது வெறும் அச்சமே.

இயற்கை தந்த துணை

நல்லவேளையாக இயற்கையும் நம் பக்கம் இருக்கிறது. அமெரிக்காவின் பார் ஹார்பர் என்னும் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் ஒரு பெரும் நூலை வெளியிட்டனர். பிறந்த குட்டி தாய் நக்கித் தூண்டினால்தான் சிறுநீர் கழிக்கும். சுமார் மூன்று வாரம் ஆனதும் படுக்கையை விட்டு வெளியே சென்று கழிக்கத் தொடங்கும். ஏறக்குறைய எட்டரை வாரத்தில் இதற்கென்று குறிப்பிட்ட இடங்களை நாடும். படுக்கும் இடத்தைத் தூய்மையாக வைக்கும் இயல்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. வீடு முழுவதும் தன் படுக்கை என்று அதற்குப் புரிய வைப்பதே நம் வேலை.

தவறும்போது செய்ய வேண்டுவது

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பைத் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு இவற்றாலும் பழகிய நாய் தவறும். நோய்க்குப் பயிற்சி மருந்தாகாது. சிறு நாயின் சிறுநீர்ப்பையும் சிறியது என்பதை மறக்கலாகாது.

நோய் இல்லையெனில், பாடத்தை முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் நாமே உடன் சென்று வெளியே விட வேண்டும். சரியான இடத்தில் கழித்த அந்தக் கணமே ஒரு துண்டு பிஸ்கட்டும் ஒரு நல்ல சொல்லும் தர வேண்டும். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகிவிடும். நம் கண் படாத நேரத்தில் வீடெங்கும் அலைய விடாமல், படுக்கை உள்ள சிறு இடத்தில் வைக்கலாம்.

உள்ளே ஈரம் செய்திருந்தால், பேசாமல் துடைத்துவிட வேண்டும். ஃபினாயில் மணம் நம் மூக்கை ஏமாற்றலாம். நாயின் மூக்கை ஏமாற்றாது. சிறுநீரிலுள்ள பொருள்களைச் சிதைக்கும் நொதி கலந்த தூய்மைக் கரைசல்கள் இப்போது கிடைக்கின்றன. அம்மோனியா கலந்தவை ஆகா. சிறுநீரிலும் அதே நெடி உண்டல்லவா?

இவ்வளவும் செய்தாலும் முன்னேற்றம் நேர்கோட்டில் போகாது. இடையில் ஒரு நாள் மீண்டும் தவறும். அது தோல்வி அன்று. கதவின் அடியில் கசிந்த நீர் போன்ற ஏதோ ஒன்று.

மணிக்கு நேர்ந்ததும் இதுவே என்று நினைக்கிறேன். தீபாவளி வெடியே அதன் வெள்ளம். அதன்மேல் நான் கொடுத்த அடி இரண்டாவது வெள்ளம். செய்தித்தாளைப் படிப்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இரவில் அதன் படுக்கையருகே என் பழைய சட்டை ஒன்றைப் போட்டேன். கொல்லைக்கு ஒவ்வொரு முறையும் நானோ என் மகளோ உடன் சென்றோம். முதல் வாரத்தில் மாற்றம் அதிகமில்லை. ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, மணி தானாகவே கதவருகே வந்து நின்று முனகியது. பிறகும் இரண்டு முறை தவறியது. ஆனால் யாருக்கும் கொடுத்துவிடும் பேச்சு எழவில்லை.

"மறந்துபோச்சா?" என்று கேட்ட மகளுக்கு இப்போது விடை சொல்ல முடிகிறது. மறக்கவில்லை, அம்மா, பயந்துபோயிருந்தது. வகுப்பில் நேற்றுச் சரியாகச் சொன்ன விடையை இன்று கரும்பலகை முன் நின்று தடுமாறும் மாணவனைப் பார்க்கும்போதும், இப்போதெல்லாம் எனக்கு அந்த லெனின்கிராடு நாயின் நினைவு வருகிறது.