கிப்லா ஊசியும் காந்தக் கல்லும்: ஆயிரம் ஆண்டு வரலாறு

சென்ற ஆண்டு பருவமழைக் காலத்தில் குடும்பத்தோடு மலையூர் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். இரண்டு நாள்களாக மூடுபனி, சூரியனைக் காணவில்லை. அருகில் பள்ளிவாசலும் இல்லை. உம்ராவிலிருந்து திரும்பியபோது வாங்கி வந்த சிறிய திசைகாட்டியை வைத்து கிப்லாவை முடிவு செய்து, தங்கியிருந்த அறையிலேயே தொழுதுவந்தோம். இரண்டாம் நாள் அஸர் தொழுது ஸலாம் கொடுத்த வேளையில் மேகம் விலகியது. முகத்தில் விழ வேண்டிய மாலை வெயில் என் முதுகில் விழுந்தது.

ஊசி தலைகீழாகியிருந்தது. வடக்கைக் காட்ட வேண்டிய செம்முனை தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, திசைகாட்டி பல மாதங்களாகக் கிடந்த கைப்பையிலேயே அது கிடைத்தது: என் துணைவியார் ஹிஜாபுக்குப் பயன்படுத்தும், பொத்தான் அளவேயான இரண்டு காந்த வில்லைகள். திசையைத் தேடி முயன்று தொழுத பின் தவறு தெரியவந்தால் ஹனஃபி மத்ஹபில் அத்தொழுகை நிறைவேறிவிடும். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்றின்படி, தவறு உறுதியானால் மீண்டும் தொழ வேண்டும். நாங்கள் ஷாஃபிஈகள், அனைத்தையும் மீட்டுத் தொழுதோம்.

அன்றிரவு என் மகன் கேட்டான்: “வாப்பா, காந்தம் என்றால் மாறாதது என்றுதானே பாடத்தில் படித்தோம்?” ‘நிலைக்காந்தம்’ என்ற பெயரே அந்த மயக்கத்தைத் தருகிறது. அந்த நிலைப்பு எத்தகையது, எதனால் குலையும் என்பதை நம் முன்னோர் நீண்ட காலத்திற்கு முன்பே கவனித்திருக்கிறார்கள்.

வலிமை குன்றிய கல்

இயற்கையில் கிடைக்கும் காந்தக் கல், மேக்னடைட் என்னும் இரும்புத் தாது வகையாகும். அரபியில் அது ‘மிக்னாதீஸ்’ எனப்படும். எல்லா மேக்னடைட்டும் தானாகவே இரும்பை இழுப்பதில்லை. மிகச் சில துண்டுகளுக்கே அந்த ஆற்றல் உண்டு. மின்னல் தாக்கிய பாறைகளே அவ்வாறு காந்தமாயின என்பது அறிவியலாளர் பலரின் விளக்கம்.

இரசவாத அறிஞர் ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் ‘கிதாபுர் ரஹ்மா’ என்னும் நூலில் ஒரு சோதனை பதிவாகியுள்ளது. நூறு திர்ஹம் எடையுள்ள இரும்பைத் தூக்கிய ஒரு காந்தக் கல் சில காலம் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் வேறோர் இரும்புத் துண்டை அதனிடம் வைத்தபோது கல்லால் அதைத் தூக்க முடியவில்லை. இரும்புதான் கூடுதல் எடையோ என ஐயுற்று நிறுத்துப் பார்த்தபோது, அது எண்பது திர்ஹத்திற்கும் குறைவாகவே இருந்தது. குன்றியது கல்லின் ஆற்றலே என்பது அவ்வாறு தெளிவாயிற்று. கண்டதை உடனே நம்பிவிடாமல் தராசில் வைத்துப் பார்த்த அந்தப் பண்பு நமக்குப் பாடமாகும்.

நீரில் மிதந்த மீன்

காந்தத்தைக் கொண்டு திசை காணும் கலையில் முந்தியவர்கள் சீனர்கள் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 1044ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘வூஜிங் சோங்யாவ்’ என்னும் அவர்களது போர்க்கலை நூல், மீன் வடிவில் வெட்டிய இரும்புத் தகட்டைச் செந்தணலில் காய்ச்சி, அதன் வால் வடக்கை நோக்குமாறு பிடித்து நீரில் குளிரவைக்கும் முறையைச் சொல்கிறது. அவ்வாறு செய்த மீனை நீரில் மிதக்கவிட்டால் அது திசை காட்டும். 1088ஆம் ஆண்டளவில் ஷென் குவோ என்னும் சீன அறிஞர், காந்தக் கல்லில் தேய்த்த ஊசியைப் பற்றி எழுதியதோடு, அது நேர்த் தெற்கிலிருந்து சற்றே விலகி நிற்பதையும் குறித்துவைத்தார்.

முஸ்லிம் உலகின் எழுத்துகளில் இந்த மீன் முதலில் தென்படுவது, இந்திய மண்ணில் நிறைவுபெற்ற ஒரு நூலில் என்பது பலர் அறியாதது. டில்லியில் சுல்தான் இல்துத்மிஷ் ஆண்ட காலத்தில், 1232ஆம் ஆண்டளவில், முஹம்மத் அவ்ஃபீ பாரசீக மொழியில் தொகுத்த ‘ஜவாமிஉல் ஹிகாயாத்’ என்னும் கதைக் களஞ்சியம்தான் அது. காந்தக் கல்லில் தேய்த்த மீன் வடிவ இரும்பை நீருள்ள பாத்திரத்தில் இட்டு, அது சுழன்று நிற்கும் திசையைக் கொண்டு மாலுமி வழி கண்டதை அவர் விவரிக்கிறார்.

அடுத்த சான்று பைலக் அல்-கிப்ஜாகீயுடையது. 1242ஆம் ஆண்டளவில் சிரியாவின் தராபுலுஸிலிருந்து இஸ்கந்தரிய்யாவுக்குக் கப்பலில் சென்றபோது தம் கண்ணால் கண்டதை, 1282இல் எழுதிய ‘கன்ஸுத் துஜ்ஜார்’ என்னும் நூலில் அவர் பதிவுசெய்தார். விண்மீன் தெரியாத இரவில் மாலுமிகள் ஒரு பாத்திரத்தில் நீர் எடுத்து, துரும்பில் செருகிய ஊசியை அதில் மிதக்கவிட்டார்கள். காந்தக் கல்லைக் கையில் பிடித்து நீருக்கு மேலே வட்டமாகச் சுழற்ற, ஊசியும் சேர்ந்து சுழன்றது. கல்லைச் சட்டென்று விலக்கியதும் ஊசி வடக்கு தெற்காக நின்றது. இந்தியப் பெருங்கடலில் செல்வோர் ஊசிக்குப் பதிலாக உள்ளீடற்ற இரும்பு மீனைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அவர் குறிப்பிடுகிறார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலுமி ஊசியை மட்டும் நம்பிப் பயணம் செல்லவில்லை. கல்லையும் உடன் கொண்டுசென்றான். மெல்லிய இரும்பு ஊசியின் காந்தம் விரைவில் குன்றும் என்பதால் அதை அவ்வப்போது கல்லால் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

கடலிலிருந்து தொழுகை விரிப்புக்கு

காந்த ஊசி வருவதற்கு முன் முஸ்லிம்கள் சூரியனையும் விண்மீன்களையும் வீசும் காற்றையும் கொண்டே கிப்லாவை அறிந்தனர். ஊசியைக் கிப்லாவுக்குப் பயன்படுத்தும் முறையை எழுதிவைத்த முன்னோடிகளுள் ஒருவர் யமனின் ரஸூலி அரச குடும்பத்தைச் சேர்ந்த அல்-அஷ்ரஃப் உமர். பின்னாளில் சுல்தானான இவர், 1291ஆம் ஆண்டளவில் வானியல் கருவிகள் பற்றி எழுதிய நூலில், நீர் நிரப்பிய கிண்ணத்தில் ஊசியை மிதக்கவிட்டுத் திசை காணும் ‘தாஸா’ என்னும் கருவியை விளக்கினார். 1300ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் பாங்கு சொல்பவராகவும் வானியலாளராகவும் இருந்த இப்னு சிம்ஊன், நீரின்றி இயங்கும் ஊசியைக் கிப்லா காட்டியாக விவரித்தார்.

ஊசிக்குக் கஅபாவைத் தெரியாது என்பதை இவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஊசி தருவது வடக்கு தெற்கை மட்டுமே. கிப்லாவை ஒவ்வோர் ஊருக்கும் கணக்கிட்டே பெற வேண்டும். சென்னையில் கிப்லா நேர் மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய 18 பாகை சாய்ந்தது. ஷென் குவோ கண்ட விலகலும் ஊருக்கு ஊர், காலத்திற்குக் காலம் மாறும். தமிழகத்தில் இன்று அது மிகச் சிறியது என்பதால் நமக்கு அதனால் பெரிய இடர்ப்பாடு இல்லை.

நிலைப்பு எதனால் குலைகிறது?

இரும்பினுள் எண்ணற்ற நுண்பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். தொழுகையில் ஸஃப் ஒழுங்காக நிற்பதுபோல் அவை ஒரே திசையை நோக்கி நின்றால் முழுப் பொருளும் காந்தமாகிறது. ஸஃப் கலைந்தால் ஆற்றலும் கலைகிறது. அதைக் கலைப்பவை மூன்று: வெப்பம், அடி, எதிர்த்திசையில் நெருங்கும் வலிய காந்தம். இரும்பை 770 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சினால் அதன் காந்தம் முற்றிலும் நீங்கிவிடும். சீனர்களின் மீன், செந்தணலில் பழைய ஒழுங்கை இழந்து, பூமியின் காந்தப் புலத்தில் குளிரும்போது புதிய ஒழுங்கைப் பெற்றது. என் திசைகாட்டிக்கு நேர்ந்தது மூன்றாவது.

மென்மையான இரும்பு எளிதில் காந்தமாகி எளிதில் இழக்கும். கடினமான எஃகு அரிதில் ஏற்று நெடுநாள் காக்கும். 1740களில் இலண்டன் மருத்துவர் கோவின் நைட், எஃகுச் சட்டங்களை வலிய காந்தங்களாக்கும் முறையைக் கண்டார். மின்னல் தாக்கிய கப்பலில் ஊசி கெட்டுப்போவதை ஆராய்ந்து அவர் வடிவமைத்த திசைகாட்டியைப் பிரிட்டிஷ் கடற்படை ஏற்றது. ஆயினும் எஃகுக் காந்தம் நீளமாக இருந்தால்தான் தன் வலிமையைக் காக்கும். குட்டையாக வெட்டினால் அதன் இரு முனைகளே ஒன்றையொன்று பலவீனப்படுத்தும். பழைய காந்தங்கள் நீண்ட சட்டங்களாகவும் குதிரை இலாட வடிவிலும் இருந்ததற்கும், பயன்படாத வேளையில் முனைகளுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்ததற்கும் காரணம் அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ஜப்பானில் 1917இல் கோட்டாரோ ஹோண்டா கோபால்ட் கலந்த எஃகையும், 1931இல் டொக்குஷிச்சி மிஷிமா நிக்கலும் அலுமினியமும் கலந்த எஃகையும் உருவாக்கினர். பின்னதிலிருந்து ‘அல்நிக்கோ’ வகை வளர்ந்தது. 1950களில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் பீங்கான் போன்ற ‘ஃபெரைட்’ காந்தத்தைப் பரவலாக்கியது. 1960களின் இறுதியில் சமாரியம் கோபால்ட்டும், 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நியோடைமியமும் வந்தன. இவை தட்டையான வில்லையாக இருந்தாலும் ஆற்றலை இழப்பதில்லை. பொத்தான் அளவுக் காந்தம் நம் வீட்டுக்குள் நுழைந்தது அவ்வாறே.

தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

ஃபெரைட் மலிவானது, துருப்பிடிக்காது, ஆனால் கீழே விழுந்தால் உடையும். பாங்கொலியைப் பரப்பும் ஒலிபெருக்கிகள் பலவற்றினுள் இருப்பது இதுவே. குளிர்சாதனப் பெட்டியின் கதவு ஓரத்தில் இதன் தூள் கலந்த ரப்பர் பட்டை இருக்கிறது. அல்நிக்கோ 500 பாகை அளவு வெப்பத்தையும் தாங்கும். ஆனால் வேறு காந்தம் நெருங்கினால் எளிதில் வலிமை இழக்கும். சமாரியம் கோபால்ட் வெப்பத்தையும் துருவையும் தாங்கும், விலை மிகுதி. நியோடைமியம் அதே அளவுள்ள ஃபெரைட்டைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு காந்த ஆற்றலைத் தேக்கிவைக்கும். ஆனால் சாதாரண வகை 80 பாகைக்கு மேல் சூடானால் வலிமை குன்றும். மேற்பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். ‘என்35’, ‘என்52’ என்று அதன்மீது குறிக்கப்படும் எண் கூடக்கூட ஆற்றலும் கூடும். பெரிய எண்தான் சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. முக்காட்டுத் துணியைப் பிடித்துவைக்கச் சிறிய எண்ணே போதும்.

நம் சகோதரிகள் ஹிஜாப் காந்தங்களை விரும்புவது இயல்பே. துணியில் துளை விழாது, ஊக்கு குத்தாது. ஆனால் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவை ஊக்கைவிட ஆபத்தானவை. இரண்டு வில்லைகளை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடற்சுவரை நசுக்கித் துளையிட்டுவிடும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்கள் காந்தங்களையும் காந்தம் பதித்த கைபேசி உறைகளையும் மார்பிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். கைபேசியில் கிப்லா பார்ப்போர் முதலில் காந்த உறையைக் கழற்றிவிட வேண்டும். இரும்புக் கட்டில், ஒலிபெருக்கி, வாகனம் ஆகியவற்றிலிருந்து விலகி நின்றே பார்க்க வேண்டும்.

என் திசைகாட்டியைப் பைலக் கண்ட மாலுமிகளின் வழியிலேயே மீண்டும் காந்தத்தைக் கொண்டு சரிசெய்தேன். ஒரு சட்டக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெற்கு நோக்கி நின்ற முனையை அடையாளமிட்டேன். மூடியைக் கழற்றி, ஊசியின் நடுவிலிருந்து செம்முனை வரை அந்தத் தென்முனையால் ஒரே திசையில் பலமுறை தடவினேன். செம்முனை மீண்டும் வடக்கு நோக்கிற்று. ஆயினும் அதை அப்படியே நம்பிவிடாமல், எங்கள் பள்ளிவாசலின் மிஹ்ராபோடு ஒப்பிட்ட பின்னரே பையில் வைத்தேன்.

காந்தமே தேவைப்படாத இன்னொரு சோதனையும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் நஸீருத்தீன் தூஸீ எழுதிவைத்த வழி அது. ஆண்டில் இருமுறை சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. மே 27 அல்லது 28ஆம் நாள் நம் நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16ஆம் நாள் பிற்பகல் 2.57க்கும் அது நிகழும். அவ்வேளையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கி நின்றால் அதுவே கிப்லா. அந்நாளில் உங்கள் வீட்டுத் தரையில் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கோடு வரையச் செய்யுங்கள். ஊசி குன்றலாம், கைபேசி தடுமாறலாம். அந்தக் கோடு இருக்கும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.