காளானின் அடியில் இருக்கும் அடையாளம்

வைக்கோல் காளான் வளர்ப்பவர்கள் அதைக் குடை விரியும்வரை விட்டுவைப்பதில்லை. சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், முட்டை வடிவில் மூடியிருக்கும்போதே திருகி எடுத்துவிடுவார்கள். அந்த முட்டையை நெடுக்காகக் கத்தியால் பிளந்தால், உள்ளே முழுக் காளானும் ஒடுங்கியிருக்கும்: குடை, அதன் கீழே வெளிர்ந்த செவுள்கள், குட்டைத் தண்டு. இவை அனைத்தையும் சுற்றி மூடிய தோலைப் பூஞ்சையியலார் பொதுத்திரை என்பர். பறிக்காமல் விட்டால் தண்டு நீளும். குடை தோலைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். கிழிந்த தோல் தண்டின் அடியில் கிண்ணம்போல் தங்கிவிடும். அதுதான் வோல்வா. அடியுறை என்று நாம் சொல்லலாம்.

கோவையில் 1940களிலேயே வளர்த்துப் பார்க்கப்பட்ட இந்தக் காளானின் அறிவியல் பெயர் வோல்வேரியெல்லா வோல்வேசியா. பேரினப் பெயர், சிற்றினப் பெயர் இரண்டிலும் அடியுறை இருக்கிறது.

தண்டின் மேற்பகுதியில் தொங்கும் வளையம் வேறு. இளமையில் செவுள்களை மட்டும் மூடியிருந்த உள்திரையின் மிச்சம் அது. கடைகளில் விற்கும் மொட்டுக்காளான் விரிந்தால் வளையம் தெரியும், அடியுறை இருக்காது. வைக்கோல் காளானில் அடியுறை உண்டு, வளையம் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்து, செவுள்களும் வெள்ளையாக இருந்தால் அது அமானிட்டா இனமாக இருக்கக்கூடும். அப்போது கையை எடுத்துவிடுவதே நல்லது.

அமானிட்டாக்களிலும் அடியுறை ஒரே வடிவில் இருப்பதில்லை. சிலவற்றில் அது தளர்ந்த சவ்வுப் பையாக நிற்கும். வெண்புள்ளிகள் கொண்ட சிவப்புக் குடையால் பெயர்பெற்ற அமானிட்டா மஸ்காரியாவிலோ பை இல்லை. பருத்த அடித்தண்டைச் சுற்றிச் செதில் வரிசைகள் மட்டுமே. குடைமேல் காணும் வெண்புள்ளிகளும் அதே பொதுத்திரையின் துணுக்குகள்தான். பலத்த மழை அவற்றைக் கழுவிவிடும். ஆகவே குடையின் நிறத்தையும் புள்ளிகளையும் நம்பிக் காளானை அடையாளம் காண்பது ஆபத்தான பழக்கம்.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமானிட்டா ஃபல்லாய்டிஸ் சாட்சி. உலகில் காளான் நஞ்சால் நேரும் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். இதிலுள்ள அமாடாக்சின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரம் கடந்த பிறகே, பல வேளைகளில் அதற்கும் பின்னரே, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகு உடல் தேறுவதுபோல் தோன்றும். அந்த இடைவெளியில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஐரோப்பாவைச் சேர்ந்த இக்காளான், மரக்கன்றுகளின் வேரோடு கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே குடியேறிய ஆசிய மக்கள் சிலர், ஊரில் உண்டு பழகிய வைக்கோல் காளான் என்றெண்ணி இதைப் பறித்துச் சமைத்திருக்கிறார்கள். கான்பெராவில் 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் இதை உண்டவர்களில் இருவர் அடுத்த சில நாட்களில் இறந்தார்கள். முட்டைப் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதும், இரண்டுக்கும் அடியுறை இருப்பதும்தான் இந்தக் குழப்பத்தின் வேர். விரிந்த பிறகு வேறுபாடு தெளியும்: வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பு, அமானிட்டாவினது வெள்ளை. குடையை வெட்டி, செவுள் கீழ்நோக்கியிருக்கும்படி கறுப்பும் வெள்ளையுமான தாளில் இரவு முழுதும் கவிழ்த்துவைத்தால் நிறம் படியும்.

அடியுறை உள்ளவை எல்லாம் ஒரே குடும்பமும் அல்ல. செவுளே இல்லாத, நாற்றம் வீசும் ஃபல்லஸ் காளான்களும் முட்டையைக் கிழித்தே வெளிவருகின்றன. அவற்றின் அடியில் எஞ்சுவதையும் வோல்வா என்றே அழைக்கிறார்கள். வோல்வேரியெல்லாவில் வைக்கப்பட்டிருந்த சில இனங்களை மரபணு ஆய்வுக்குப் பின் 2011இல் வோல்வோபுளூட்டியஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். ஒரே உறுப்பு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

அடியுறை பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். தண்டைக் கிள்ளிப் பறிப்பவர் கையில் அது வருவதே இல்லை. கைப்பேசியில் மேலிருந்து எடுத்த படத்திலும் தெரியாது. நம் ஊரில் மழைக்குப் பின் தேடிப் பறிக்கும் புற்றுக்காளானுக்கு அடியுறை கிடையாது. அதன் தண்டு வேர்போல் நீண்டு கரையான் கூட்டுக்குள் இறங்கும். அதையும் தோண்டினால்தான் காண முடியும். தமிழில் காளான் கையேடு எழுதுபவர்கள், அடிமுதல் நுனிவரை முழுக் காளானின் படத்தையே அச்சிட வேண்டும். பறிப்பவர்களும் ஒரு சிறு மண்வெட்டியைக் கையோடு கொண்டுபோகட்டும்.