பழவேற்காட்டுப் பறவைகளும் பசியாவரத்து மீனவரும்

பழவேற்காட்டின் வரலாற்றை எழுதியோர் பலர். 1613இல் எழுந்த டச்சுக்காரரின் கெல்டிரியா கோட்டை, சிற்ப வேலைப்பாடு மிக்க அவர்தம் கல்லறைகள், இங்கிருந்து கப்பலேறிய கைத்தறித் துணிகள், அத்துணியின் புகழால் மலாய் மக்கள் தம் கைலி வகையொன்றை இன்றளவும் 'பெலெக்காட்' என்றே அழைப்பது, மரக்காயர்களின் கடல் வாணிகம், தொழுகை நேரம் காட்டும் பள்ளிவாசல் சூரியக் கடிகாரம், இல்லங்களில் பேணப்பெற்ற அரபுத்தமிழ் ஏடுகள் ஆகியன குறித்து நாம் பலகால் படித்திருக்கிறோம். ஆயினும் டச்சுக்காரருக்கும் முன்னர் இவ்வேரிக்கு வந்தவையும், அவர்கள் போன பின்னரும் வருகையை நிறுத்தாதவையுமான பறவைகளுக்கு அவ்வரலாறுகளில் ஒரு பத்திக்கு மேல் இடமில்லை. அவற்றைப் பற்றி எழுதுவோர் வேறு. அவர்தம் நூல்களில் மரக்காயரும் மீனவரும் இல்லை. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா மணல்தீவு கிடக்கிறது. தெற்கிலிருந்து ஆரணியாறும் வடக்கிலிருந்து காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. இந்த ஆழமின்மைதான் இதன் செல்வம். சேற்றுப் பரப்பில் இறாலும் நண்டும் புழுக்களும் பெருக, அவற்றைத் தேடி வடகிழக்குப் பருவமழையை ஒட்டி உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மூக்கன்களும் ஊசிவால் வாத்துகளும் வலசை வந்து சேர்கின்றன. பூநாரையோ வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உந்தி வடிகட்டி உண்பது. முழங்கால் ஆழ நீரே அதற்கு ஏற்றது. இந்நீர் சூழ, பழவேற்காட்டு ஊருக்கு எதிரே அமைந்த மீனவர் குடியிருப்பு பசியாவரம். அவ்வூராருக்கு நெடுங்காலம் படகே சாலை. சென்னையிலிருந்து தொலைநோக்கியுடன் வருவோர் தேடிக் காணும் காட்சி, இவர்களுக்கு வலையெடுக்கும் வேளையில் கண்ணில் படுவது.

பறவையை அறிவுக்குரிய பொருளாகக் காண்பது நம் மரபுக்குப் புதிதன்று. பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தைத் திருக்குர்ஆனின் 'அல்அன்ஆம்' அத்தியாயத்திலும், சுலைமான் நபி (அலை) அவர்களுக்குச் செய்தி கொணர்ந்த ஹுத்ஹுதுப் பறவையை 'அந்நம்ல்' அத்தியாயத்திலும் காண்கிறோம். பயணத்தின்போது தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது கண்டு, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தை அறியாத தமிழ் முஸ்லிம் அரிது. பஸராவின் ஜாஹிழ் (மறைவு ஹிஜ்ரி 255), எகிப்தின் தமீரீ (மறைவு ஹிஜ்ரி 808) ஆகியோர் விலங்குகளையும் பறவைகளையும் பற்றிப் பெருநூல்கள் இயற்றினர். அவற்றில் கேள்வியும் கதையும் கலந்துள்ளன என்பது உண்மையே. எனினும் கண்டதைப் பதிவு செய்யும் வேட்கை அவற்றில் மறைந்திருக்கவில்லை.

இந்தியாவில் அவ்வேட்கையின் உச்சம் பேரரசர் ஜஹாங்கீர் (ஆட்சி 1605-1627). லைலா, மஜ்னூன் எனப் பெயரிட்டு வளர்த்த சாரசக் கொக்கு இணை கூடியதையும், மாறி மாறி அடைகாத்ததையும் அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவர் அவையின் உஸ்தாத் மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கு கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் கைவண்ணம் எனக் கருதப்படும் டோடோ ஓவியம் ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜில் உள்ளது. டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே உலகிலிருந்து மறைந்தது. சைபீரியக் கொக்கு பரத்பூருக்குக் கடைசியாக வந்தது 2002 குளிர்காலத்தில். ஆக, அவ்விரு பறவைகளையும் இந்திய மண்ணில் இன்று மன்சூரின் தூரிகை வழியாக மட்டுமே காணலாம்.

இக்காலப் பறவையியலின் தொடக்கத்திலும் ஒரு முஸ்லிம் சிறுவன் நிற்கிறான். பம்பாயில் சுலைமானி போரா குடும்பத்தில் 1896இல் பிறந்த சாலிம் அலி, காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை கண்டு, இதை உண்பது ஆகுமா ஆகாதா என ஐயுற்று மாமா அமீருத்தீன் தையப்ஜியிடம் கொண்டு சென்றார். அது எவ்வகைப் பறவை எனத் தெரியாத மாமா, தாம் உறுப்பினராயிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். ஹலால், ஹராம் பற்றிய ஒரு சிறுவனின் தயக்கம் அலமாரி அலமாரியாகப் பாடம் செய்த பறவைகளின் முன் அவனை நிறுத்தியது. இதனைச் சாலிம் அலியே தம் தன்வரலாற்றில் (1985) எழுதியுள்ளார். பேணுதலுக்கும் ஆய்வுக்கும் பகையில்லை என்பதற்கு நாம் வேறு சான்று தேட வேண்டியதில்லை. 1959இல் அக்கழகம் தொடங்கிய வலசை ஆய்வுத் திட்டத்தில் பறவையின் காலில் எண்ணும் முகவரியும் பொறித்த வளையம் இடப்பட்டது. நம் கோடிக்கரை அதன் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. இம்முறையின் உயிர்நாடி எது? எங்கோ ஒரு சேற்றில் வளையத்தைக் கண்டெடுப்பவர் அதனை முகவரிக்கு அறிவிப்பதே. அறிஞர் இடும் வளையம், மீனவரோ உழவரோ வேடரோ வாய்திறக்கும்வரை ஊமைதான்.

பழவேற்காட்டில் அவர்கள் வாய்திறக்க வாய்ப்பளித்தோமா? தமிழகத்தில் பறவைக் காப்பு என்றதும் வேடந்தாங்கலை எடுத்துக்காட்டுவது வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு உறுதிமொழி பெற்றனர்; 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று என்பதே ஊராரின் கணக்கு. இக்கணக்கைப் பசியாவரத்துக்கு அப்படியே பொருத்துவது பிழை. இங்கு வயல் இல்லை. கூழைக்கடா உண்பதும் மீன். மீனவர் விற்பதும் மீன். பறவையால் உங்களுக்கு நன்மை என்று இங்கே வந்து உரைப்பவர் கேட்போரின் நகைப்புக்கே ஆளாவார். பறவையும் மீனவரும் ஒரே நீரின் நலத்தைச் சார்ந்தோர் என்னும் வேறொரு கணக்கு உண்டு. அதைத்தான் பேச வேண்டும்.

அக்கணக்கை ஏரியின் அண்மைக்கால வரலாறே காட்டுகிறது. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைச் சரணாலயங்களாயின. சரணாலய எல்லைக்குள் வாழ்வோரின் உரிமைகளைக் கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். எல்லைக்கோடு வரைவது எளிது. உரிமை தீர்ப்பது கடினம். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது சூலூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை வடபகுதியின் நீரோட்டத்தைத் தடுத்தது. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தன. 1990களில் கரையெங்கும் இறால் பண்ணைகள் பரவின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. நேலப்பட்டுப் பறவைச் சரணாலயத்தையும் பெயர் சுட்டியது. பறவைக்கும் மீனவருக்கும் ஒரே வரியில் நீதி கிடைத்த நாள் அது. எனினும் 2005இல் வந்த கடலோர நீர்வாழ் உயிர்வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தீர்ப்பின் கூர்மையை மழுக்கியது என்பதே நம் கருத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகிலும் மீனவரின் படகிலும் வலையிலும் ஒரே கறைதான் ஒட்டியது.

உரைகளுக்கு வருவோம். 1978இல் தொடங்கிய சென்னை இயற்கை ஆர்வலர் கழகத்தார் இவ்வேரிக்குப் பலகால் வந்துள்ளனர். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் பல பதின்ம ஆண்டுகள் இவ்வேரியின் உயிர்களை ஆராய்ந்து 2006இல் நூலாக்கினார். 2001 முதல் சூலூர்ப்பேட்டை, நேலப்பட்டுப் பகுதியில் ஆந்திர அரசு பூநாரைத் திருவிழா நடத்தி வருகிறது. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலரின் பொங்கல் கணக்கெடுப்பும் நடைபெறுகின்றன. இவை அனைத்தும் பாராட்டத்தக்கவை. நம் குறை ஒன்றே: உரை நகரத்தில் நிகழ்கிறது, பறவை ஊரில் இருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் இவ்வேரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டபின் உல்லாசப் படகுகளுக்குத் தடை வந்தது. தடை தேவையே. ஆனால் வெளியாருக்குப் பறவை காட்டி வருவாய் ஈட்டிய படகோட்டிக்கு இருந்த ஒரே தொடர்பும் அத்துடன் அற்றது.

இம்மக்களிடம் கேட்டறியத் தக்கது நிரம்ப உண்டு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' எனும் முறைப்படி, எந்நாளில் எவ்விடத்தில் யார் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கின்றனர். பொதுச் சொத்தை ஒருவரே சுரண்டாதிருக்க ஏட்டறிவில்லாத முன்னோர் கண்ட வழி இது. இருளர் மகளிரும் ஆடவரும் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, ஓலைப்பையைப் பல்லால் கவ்வியபடி நகர்வர். எச்சேற்றில் உயிருண்டு என்பதை உள்ளானுக்கு நிகராக அறிந்தோர் அவர்களே. பாடு உரிமை எல்லாச் சாதியாருக்கும் இல்லை என்பதையும், அறுந்த நைலான் வலைகள் பறவையின் காலில் சிக்குவதையும் மறைக்க வேண்டியதில்லை. அதையும் அவர்கள் முன்னிலையில் பேசுவதே நேர்மை.

அத்தகைய உரைக்கு முதற்பொருள் பூநாரையின் அழகன்று, முகத்துவாரம். கோடையில் மணல்திட்டு அதை அடைத்தால் ஏரியின் உப்பு ஏறி, இறால் குஞ்சு உள்ளே வாராது; படகும் கடலுக்குப் போகாது; சேற்றுப் பரப்பு வறண்டால் அடுத்த பருவத்து உள்ளானுக்கும் இரையில்லை. 2020களில் அரசு அவ்விடத்தில் நேர்கல் சுவர்கள் அமைக்கும் பணியை மேற்கொண்டது. அதன் பயனை அளக்க இரு ஏடுகள் வேண்டும்: சனவரியில் பறவையை எண்ணுவோர் ஏடு ஒன்று, அதே மாதத்தில் பசியாவரத்தார் பிடித்த இறாலின் எடையைக் குறிக்கும் ஏடு மற்றொன்று. கணக்கெழுதிப் பழகிய வணிகக் குடும்பங்கள் பழவேற்காட்டில் இன்றும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் இரண்டாம் ஏட்டை எழுத முன்வருவாராயின், முதல் ஏட்டுக்காரர்கள் தம் அடுத்த உரையை ஏரிக்கரையிலேயே, சனவரிக் கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில், வலை உலரும் பிற்பகல் வேளையில் வைத்துக்கொள்ளலாம்.