குறைகரிம கான்கிரீட்: விலையும் வழிகளும்

வலிமையும் ஆயுளும் குறையாமல், தயாரிப்பில் வெளியாகும் கரியமில வாயுவை மட்டும் குறைத்துச் செய்யப்படும் கான்கிரீட்டே குறைகரிம கான்கிரீட். மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருகிறது. ஜல்லி, மணல், தண்ணீர் ஆகியவற்றின் பங்கு சொற்பம். கான்கிரீட்டின் கரிமச் சுமையில் பெரும்பகுதி சிமெண்டுடையது; சிமெண்டுக்குள் அதன் முதன்மைப் பொருளான கிளிங்கருடையது. சிமெண்டில் அதிகச் செலவு பிடிக்கும் பொருளும் கிளிங்கர்தான். ஆகவே அதைக் குறைக்கும் வழிகளில் பல, விலையையும் சேர்த்தே குறைக்கின்றன.

கிளிங்கரின் சிக்கல்

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழல் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுட்டால் கிளிங்கர் உருண்டைகள் கிடைக்கும். இதில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 60 விழுக்காடு, சுண்ணாம்புக்கல் சிதைவதால் கல்லுக்குள்ளிருந்தே வருவது. மீதிதான் எரிபொருளால் வருகிறது. எனவே எரிபொருளை மாற்றினாலும் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். அந்த வாயுவைப் பிடித்துக் கடலடியில் புதைக்கும் ஆலை 2025இல் நார்வேயின் பிரெவிக் நகரில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிப்பது அதன் இலக்கு. அரசின் பெரும் நிதியுதவியோடு நடக்கும் முயற்சி அது. முக்கியமான முயற்சிதான், ஆனால் கடன் வாங்கி வீடு கட்டும் குடும்பத்துக்கு எட்டும் விலையில் சிமெண்ட் தரும் வழி இப்போதைக்கு அதுவல்ல.

சாம்பலும் கசடும்

எட்டும் விலையிலான குறைகரிம சிமெண்ட் இந்தியாவில் ஏற்கெனவே கடையில் கிடைக்கிறது. மூட்டையில் பிபிசி என்று அச்சிட்டிருப்பது அதுதான். அதில் அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை 15 முதல் 35 விழுக்காடு வரை கலக்க இந்தியத் தரநிலை இடம் தருகிறது. இரும்பு உலைக் கசடு கலந்த பிஎஸ்சி சிமெண்டில் கசடு 25 முதல் 70 விழுக்காடு வரை இருக்கலாம். பிபிசி பெரும்பாலும் கலப்பில்லாத சிமெண்டான ஓபிசி 53 கிரேடைவிட விலை குறைவு.

ஒரு கனமீட்டர் கான்கிரீட்டுக்கு 300 கிலோ சிமெண்ட் என்று வைத்துக் கணக்கிடலாம். ஓபிசி என்றால் அதன் கிளிங்கர் ஏறத்தாழ 240 கிலோ கரியமில வாயுவை வெளியிட்டிருக்கும். 30 விழுக்காடு சாம்பல் கலந்த பிபிசி என்றால் அது 165 கிலோ அளவுக்கு இறங்கும். கலவை விகிதத்தையோ கம்பியையோ மாற்றாமல், மூட்டையை மட்டும் மாற்றியதால் கிடைத்த குறைவு இது.

ஆனால் உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. அவ்வளவுக்கும் ஈடுகொடுக்கச் சாம்பலும் கசடும் போதாது. நிலக்கரி மின்நிலையங்களும் பல நாடுகளில் மூடப்பட்டு வருகின்றன; பிரிட்டன் தன் கடைசி நிலையத்தை 2024இல் மூடியது.

சுட்ட களிமண்

இந்தப் பற்றாக்குறைக்குக் கிடைத்துள்ள சிறந்த விடை எல்சி3 எனப்படும் சிமெண்ட். கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 விழுக்காடு என்பது அதன் பரவலான கலவை. கயோலின் சுமார் 40 விழுக்காடு உள்ள களிமண்ணே போதும்; பீங்கான் தொழில் தரமில்லை என்று ஒதுக்கும் மண்ணும் உதவும். 700 முதல் 850 பாகையில் சுடுவதால் எரிபொருள் குறைவு. களிமண்ணிலிருந்து வெளியேறுவது நீராவி. சுட்ட மண்ணின் அலுமினாவும் சுண்ணாம்புக்கல்லும் வினைபுரிந்து உண்டாகும் படிகங்கள் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கின்றன. அதனால்தான் சுடாத கல்லை இவ்வளவு சேர்த்தும் வலிமை நிற்கிறது. கரியமில வாயு 40 விழுக்காடு வரை குறைகிறது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கேரன் ஸ்கிரிவனரும், கியூபாவின் சாந்தா கிளாராவில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும், சென்னை, டெல்லி, மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் இதைச் சேர்ந்து வளர்த்தனர். 2013இல் கியூபாவின் சிகுவானேய் ஆலையில் முதல் தொழில்முறைச் சோதனை நடந்தது. கிளிங்கரைக் கப்பலில் இறக்குமதி செய்யும் கானா போன்ற நாடுகளுக்கு உள்ளூர்க் களிமண் அந்நியச் செலாவணியையும் மிச்சப்படுத்துகிறது. களிமண் தொலைவிலிருந்து வந்தால் லாரி வாடகை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். எனவே ஆலை அமையும் இடமே விலையைத் தீர்மானிக்கிறது.

நிறமும் ஒரு தடை. இரும்புச் சத்துள்ள களிமண் சுட்டால் சிவக்கும். சாம்பல் நிறத்தைப் பார்த்தே சிமெண்டை மதிப்பிடும் மேஸ்திரி சிவந்த தூளை நம்பமாட்டார். ஆலைகள் அதை ஆக்சிஜன் குறைந்த சூழலில் குளிரவைத்து நிறத்தைச் சரிசெய்கின்றன.

கட்டுமிடத்துச் செலவு

மூட்டை மலிவாக இருந்தும் மொத்தச் செலவு கூடுவது உண்டு. சாம்பல் கலந்த சிமெண்ட் முதல் சில நாள்களில் மெதுவாகவே வலுப்பெறும். ஐஎஸ் 456 தரநிலைப்படி, ஓபிசி என்றால் 4.5 மீட்டர் வரையிலான அகலத்துக்குப் போட்ட தளத்தின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். கலப்பு சிமெண்டுக்குக் கூடுதல் நாள் விடவேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறும். ஒப்பந்ததாரர் ஓபிசி கேட்பதற்கு இதுவே முதல் காரணம். அடித்தளம், தரைத்தளம், பூச்சு என அவசரமில்லாத வேலைகளுக்கேனும் பிபிசி வாங்கினால் இந்த இழப்பு இல்லை.

கலப்பு சிமெண்ட் என்றால், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதை 14 நாள் வரை நீட்டிக்கச் சொல்கிறது அதே தரநிலை. கலப்பு சிமெண்ட் குறித்த புகார்களில் பலவற்றின் வேர், ஐந்தாம் நாளே பாத்தி காய்ந்துபோவதில் இருக்கிறது. எல்சி3 கான்கிரீட் கடலோர உப்பை நன்றாகத் தாங்குகிறது. ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே புகுவதைத் தடுப்பதில் ஓபிசியைவிடப் பின்தங்குகிறது. ஆகவே நீராட்டலிலும் கம்பி மேலுள்ள கவர் கனத்திலும் சமரசம் கூடாது. தண்ணீரைத் தாராளமாக ஊற்றிவிட்டு, அதை ஈடுகட்ட ஒரு மூட்டை கூடுதலாகப் போடும் பழக்கமும் ஒழியவேண்டும். அதில் பணமும் வீண், கரிமமும் வீண்.

எல்சி3 வகைக்கு ஐஎஸ் 18189 என்ற தனித் தரநிலையை இந்தியா 2023இல் வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு என அதிகம் கட்டுபவை அரசுத் துறைகள். அவற்றின் விலைப் பட்டியலிலும் ஒப்பந்தப்புள்ளிகளிலும் இந்த சிமெண்டுக்கு இடம் தருவதே அடுத்து ஆகவேண்டிய வேலை.