தவறணைக் கணக்கும் மாணவர் கணக்கும்

பல ஆண்டுகளுக்கு முன்னர், செய்தியாளனாக ஓடித் திரிந்த காலத்தில், தீவகத்தில் குடி பெருகிவிட்டதென்று எழுதினேன். கையில் இருந்தது விற்பனைக் கணக்கு மட்டுமே. மறுவாரம் வேலணையில் முதிய சீவல் தொழிலாளி ஒருவர் என்னைக் கண்டு கேட்டார்: "தம்பி, நீங்கள் போத்தலை எல்லோ எண்ணியிருக்கிறியள். ஆக்களை எப்ப எண்ணப் போறியள்?" என்னிடம் பதில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 இல் தொடங்கியது. சமுதாய மருத்துவம் அங்கே ஒரு பாடம்; கிராமத்துக்குப் போய்ச் சிறு ஆய்வொன்றைச் செய்து பழகுவதும் அந்தப் படிப்பைச் சேர்ந்ததே. மதுவைப் பற்றி ஆராய விரும்பும் மாணவர் தீவகத்தின் கதை கேட்டு வந்தால், அந்த முதியவரின் கேள்வியைத்தான் முதலில் சொல்கிறேன்.

குடியை அளக்க உலகெங்கும் பயன்படுவது உலக சுகாதார நிறுவனம் 1980களில் உருவாக்கிய 'ஆடிட்' வினாக்கொத்து. பத்துக் கேள்விகள், 40 புள்ளிகள். எட்டோ அதற்கு மேலோ பெற்றால் கவனிக்க வேண்டியவர். அவுஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிக்கோ, நோர்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து ஆக்கப்பட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதன் இரண்டாவது கேள்வி, குடிக்கும் நாளொன்றில் எத்தனை 'அளவு' என்பது. ஓர் அளவென்றால் 10 கிராம் மதுசாரம். பனையோலையில் கோலிய பிளாவில் குடிப்பவர் இதற்கு என்ன சொல்வார்? பிளாவின் கொள்ளளவு கோலியவரின் கையைப் பொறுத்தது. காலையில் இறக்கிய கள் மாலையில் அதே கள்ளன்று. மாணவன் முதலில் ஒரு பிளாவை நிரப்பி அளந்து பார்க்க வேண்டும்.

வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். தவறணை முறை போய், 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சனங்களின் வாயில் அது இன்றும் தவறணைதான். அங்கே விற்பது புத்தகத்தில் ஏறும். மரத்தடியில் குடிப்பதும் கசிப்பும் ஏறா. கள் இறக்குவதைச் சாதித் தொழிலாக்கி, இறக்கியவரைத் தள்ளிவைத்துவிட்டு, இறக்கியதை மட்டும் குடித்த சமூகம் எங்களுடையது. குடிகாரர் எங்கே என்று கேட்டால், ஊரவர் விரல் அந்தக் குடியிருப்பைத்தான் காட்டும். மாணவனும் அங்கேயே போய் எண்ணிக்கொண்டு வந்தால், பழைய பழிக்குப் புள்ளிவிபர முத்திரை குத்தியவனாகிறான். வெளிநாட்டுக் காசில் கல்வீட்டுக்குள் திறக்கப்படும் விஸ்கிப் போத்தல் அவன் தாளில் வராது.

பெயர் எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். போர்க்காலத்தில் வீட்டிலுள்ளவர் விபரம் எழுதிப் படையினரிடம் பதிந்த சனங்கள் இவர்கள். தாளும் பேனையுமாக முற்றத்தில் நிற்பவர் எவரானாலும், இந்தப் பட்டியல் யாருக்குப் போகப்போகிறது என்ற எண்ணமே முதலில் எழும். பெயர் வேண்டாம், விரும்பாவிட்டால் பதில் வேண்டாம் என்று சொல்லி, அதன்படி நடக்கவும் வேண்டும். கணவனின் குடிக்கணக்கு மனைவிக்கே நன்றாகத் தெரியும். ஆனால் அவன் முன்னிலையில் அவளிடம் கேட்டால், படகு போன பிறகு அடி வாங்குபவள் அவள்.

படகென்றதும் இன்னொன்று. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல். காலையில் போய்ப் பிற்பகற் படகில் திரும்பும் மாணவன் சந்திப்பது வயோதிபரையும் பெண்களையும் பிள்ளைகளையும்தான். கடலுக்குப் போனவனும் கூலிக்குப் போனவனும் வீடு திரும்பி, தவறணைப் பக்கம் நடக்கும் நேரத்தில், ஆய்வாளன் குறிகட்டுவானில் பஸ்ஸுக்கு நிற்கிறான்.

அண்மையில் வந்த மாணவன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, நெடுந்தீவில் இரவு தங்க இடம் கிடைக்குமா என்று விசாரித்தான். தெரிந்த ஒருவருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.